ஆட்டு மூளையா, மாட்டு மூளையா?

பி.காம். படித்த எனக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இது மூளையைப் பற்றியது அல்ல, லேபிளைப் பற்றியது.

பொள்ளாச்சி சந்தையில் ஒரு மாட்டைக் காட்டி, "இது ஆடுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏனுங் தம்பி, வெயில் ஜாஸ்திங்களா?" என்று இளநீர் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றி விடுவார்கள். அந்த வித்தியாசம் பிரிட்டனில் விஞ்ஞானிகளுக்கே பிடிபடாமல் போனது.

மாட்டு மூளையைப் பஞ்சு மாதிரி துளைக்கும் 'மேட் கவ்' நோய் 1986-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. ஆடுகளுக்கும் வந்திருக்குமோ என்று சந்தேகம். சேகரித்து வைத்த ஆட்டு மூளைகளை எடின்பரோவில் வருஷக்கணக்காகச் சோதித்தார்கள். 'ஆமாம்' என்று வந்தால் நாட்டின் 4 கோடி ஆடுகளையும் கொல்வதற்குக்கூட அரசாங்கம் திட்டம் வைத்திருந்தது. 2001 அக்டோபரில், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு லேபில் டி.என்.ஏ. பார்த்தார்கள். வந்திருந்தது மாட்டு மூளை!

அப்புறம் ஆடிட். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக ஒழுங்கான பதிவேடு இல்லை. மைக்ராஸ்கோப் இருந்தது, ஸ்டாக் ரிஜிஸ்தர் இல்லை!

நல்ல லேபில் மாதிரி வந்ததுமே நம்பர் விழும். யார் கைக்குப் போனாலும் கையெழுத்து. நோய் உண்டு என்று தெரிந்த ஒன்றையும், இல்லை என்று தெரிந்த ஒன்றையும் கூடவே சோதிப்பார்கள். அவை தப்பாக வந்தால் அன்றைய ரிசல்ட் அத்தனையும் செல்லாது. போதாததற்கு, பெரிய லேபிலிருந்து விடை சொல்லாமல் மாதிரிகள் பரீட்சைக்கு வரும்.

இந்தியாவில் மேட் கவ் வந்ததில்லை. 2010-ல் உலக கால்நடை நல அமைப்பும் நம்மை ஆபத்து மிகக் குறைந்த நாடு என்று சொல்லிவிட்டது. ஆனால் காங்கேயம் மாட்டை வெறிநாய் கடிக்கும். மாடு எச்சில் ஒழுக நிற்கும். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விடுவார். மாடு செத்தபின் மூளையைச் சோதித்துத்தான் வெறிநோயை உறுதி செய்வார்கள். அவர் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் உடனே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் லேபில் புட்டி மாறி, 'நோய் இல்லை' என்று சீட்டு வந்து, அவர் ஊசியைப் பாதியில் நிறுத்தினால்? வெறிநோய் முற்றிவிட்டால் வைத்தியம் கிடையாது.

ஃபைலுக்கு நம்பர் போடாமல் கேன்டீனுக்கு ஓடும் ஆபீஸ் நண்பர்களே! உங்கள் ஃபைல் மாறினால் மெமோ வரும். அங்கே புட்டி மாறினால் ஆளே போய்விடுவார்.