ஊரைப் படிக்கும் படிப்பு

உங்கள் வீட்டுப் பெண் பி.ஆர்க். முடித்த கையோடு, "அடுத்தபடி எம்.பிளான். படிக்கப் போகிறேன்" என்றால் திகைத்துப் போகாதீர்கள். வீட்டுக்குப் பிளான் போடத்தான் ஐந்து வருஷம் படித்தாயிற்றே, இன்னும் என்ன பிளான் என்று கேட்கத் தோன்றும். இது வேறு அம்மா! ஊருக்கே பிளான் போடும் படிப்பு. நகரமைப்பு என்று தமிழில் சொல்கிறார்கள்.

இது எதற்கு என்று கேட்பவர்கள், அடுத்த தடவை ராமேசுவரம் போகும்போது இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு உடனே ரயிலேறிவிடாமல், தனுஷ்கோடிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. வழியில் கூரையில்லாத மாதா கோவிலும், ரயில் நிலையத்தின் மொட்டைச் சுவர்களும் நிற்கும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, ரயிலில் இங்கே வந்து கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். தபாலாபீஸும் சுங்கச் சாவடியுமாகக் கலகலவென்றிருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அத்தனையும் போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலையில் மூழ்கியது. அப்புறம், அது மனிதர் வசிக்கத் தகுந்த இடமல்ல என்று சர்க்கார் அறிவித்தது.

புயலை யார் தடுக்க முடியும் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் திட்டில் எத்தனை பேர் குடியிருக்கலாம், அலை பொங்கினால் ஓடி ஏற மேடு எங்கே, கரையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டடம் எழுப்பலாம்? இவற்றையெல்லாம் முன்கூட்டியே யோசிப்பதுதான் இந்தப் படிப்பு. கடலோரத்தில் 500 மீட்டருக்குள் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய சர்க்கார் விதியே 1991-ல்தான் வந்தது!

தண்ணீர் விஷயத்தைக் கேளுங்கள். அது நம் விஷயம் அல்லவா? தனுஷ்கோடி மணலில் கொஞ்சம் தோண்டினால் போதும், நல்ல தண்ணீர் ஊறுகிறது. நாலு பக்கமும் உப்புக் கடல், நடுவில் எப்படித் தித்திப்பு? மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீர் மீது, பாலின் மேல் ஆடை மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை உப்பை அது தள்ளி வைக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறிவிடும்! கையால் மொண்டு எடுக்கும் வரை பயமில்லை. ஆழமாகக் குழாய் இறக்கி மோட்டார் போட்டு உறிஞ்சினால், இனிப்பாக இருந்த கிணறு கரிக்கத் தொடங்கும். ஆகவே ஒரு தீவில் எத்தனை விடுதி கட்டலாம் என்பது பணத்தைப் பொறுத்ததல்ல. அந்த ஆடை எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தது. பட்டணத்து ஆபீஸில் உட்கார்ந்து வரைபடம் வரைகிறவர், அந்த ஊர்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வரைந்தால் தேவலை என்பது என் அபிப்பிராயம்.

பாட்ரிக் கெடீஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். செடி கொடிகளை ஆராய்ந்த மனிதர், நகரமைப்புக்கு வந்து சேர்ந்தார். 1914-ல் சென்னைக்கு அவர் அனுப்பிய கண்காட்சிப் படங்களை ஏற்றி வந்த கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமா? நம் பாட்டிமார் வாயில் புகுந்த அதே 'எம்டன்'தான்! நண்பர்கள் வேறு படங்கள் திரட்டிக் கொடுக்க, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் தெருக்களில் நடந்து பார்த்து அவர் அறிக்கை எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாதே, நோயைக் கண்டுபிடித்த பிறகு சிறிதாகக் கத்தி வை என்பது அவர் கட்சி. அவருடைய இந்திய அறிக்கைகளைத் தொகுத்து 1947-ல் புத்தகமாக்கியவர் ஒரு பெண்மணி, ஜாக்குலின் டிர்விட். நகரமைப்பில் தாமே பெயர் பெற்றவர்.

படிப்பு இரண்டு வருஷம். பாதி நாள் வகுப்பில் இராது. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, வீடு வீடாக ஏறி, தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், பள்ளிக்கூடம் எத்தனை தூரம் என்று கேட்டு, சந்தியில் நின்று வண்டிகளை எண்ணி, பிறகுதான் வரைபடத்துக்கு வர்ணம் பூச வேண்டும். வெயிலில் அலைய வேண்டியிருக்கும். பெண் கறுத்துப் போவாளே என்று கவலைப்படுகிற தாய்மார் குடை வாங்கிக் கொடுக்கலாம்.

சென்னையில் அண்ணா பல்கலைக் கழகத்திலும், டில்லியில் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளியிலும், கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் இது உண்டு. கட்டடக்கலையோ சிவில் எஞ்சினியரிங்கோ படித்தவர்கள் சேரலாம். பூகோளம், பொருளாதாரம், சமூகவியலில் எம்.ஏ. தேறியவர்களுக்கும் பல இடங்களில் கதவு திறந்திருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. உத்தியோகமா? நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு, தேர்வாணையம் பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறது. தனியார் நிறுவனங்களும் கூப்பிடுகின்றன.

கேட் பரீட்சையில் கட்டடக்கலை, திட்டமிடல் என்றே தனித்தாள் உண்டு. விண்ணப்பம் ஆவணி, புரட்டாசி வாக்கில் வரும். பரீட்சை தை, மாசியில். நவராத்திரிக் கொலு அமளியில் கடைசித் தேதியை விட்டுவிடாதீர்கள்.