பெருநாள் விருந்தும் அடுக்களைக் களைப்பும்



நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து மதரஸா திறந்த அன்று, யார் வீட்டுக்கெல்லாம் விருந்தினர் வந்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டோம். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு சிறுவன் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தான். "எங்க வீட்ல சோபா இல்ல ஹஜ்ரத். அதனால அம்மா யாரையும் கூப்பிடல" என்றான். பாடத்தைத் தொடங்க நமக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் தாமாக அப்படி நினைத்துவிடவில்லை. நாமெல்லாம் சேர்ந்துதான் நினைக்க வைத்தோம். ஆட்டுக்கறி பிரியாணி, கோழி வறுவல், இரண்டு வகை இனிப்பு, வாசலில் சரவிளக்கு, சுவரில் பலூன் என்று பெருநாள் விருந்துக்கு ஓர் அளவுகோல் வைத்துவிட்டோம். அதை எட்ட முடிந்தவர் கடன் வாங்கியாவது எட்டுகிறார். முடியாதவர் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

நம் வீட்டுக் கதையும் பெருமைப்படத் தக்கதன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநாளன்று, வந்தவர்கள் வயிறார உண்டு சென்ற பிறகு அடுக்களைக்குச் சென்றோம். சஹர் நேரத்திலிருந்து நின்றுகொண்டிருந்த நம் இல்லத்தார், சுவரில் சாய்ந்தபடியே உறங்கிப் போயிருந்தார். அவருடைய தட்டில் சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. வெளியில் அமர்ந்து விருந்தோம்பலின் சிறப்பைப் பேசிக்கொண்டிருந்தவர் நாம்தாம்.

இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் முன்பின் அறியாத விருந்தினரை உபசரித்த செய்தி அத்தாரியாத் அத்தியாயத்தில் வருகிறது. பொரித்த கன்றையே அவர்கள் படைத்தார்களே, நாம் நாலு வகை செய்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். ஓசையின்றி வீட்டாரிடம் சென்று, தாமே கொண்டுவந்து, விருந்தினர் அருகிலேயே வைத்தார்கள். நம்மில் எத்தனை ஆண்கள் பெருநாளன்று ஒரு தட்டைத் தூக்குகிறோம்? அண்ணலார் (ஸல்) அவர்கள் வீட்டில் காடியைத் தவிரத் தொட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லாத ஒரு நாளில், அதையே கேட்டு வாங்கிப் புகழ்ந்து உண்டார்கள். வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இவற்றை மேடையில் சொல்கிறோம். அடுக்களை வாசலில் மறந்துவிடுகிறோம்.

ஆகவே நம் கருத்து இது: பெருநாளுக்கு ஒரே ஒரு உணவு போதும். ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்க, அது பிரியாணியாகத்தான் இருக்கும்; இருக்கட்டும். நம் பக்கத்துப் பிரியாணி உண்மையில் எளிமையானது. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், இஞ்சி பூண்டு, தயிர், தக்காளி, வெங்காயம், சிறிது பட்டை கிராம்பு, சீரகச் சம்பா அரிசி இவ்வளவே. ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ கறியும் பத்துப் பேருக்குத் தாராளமாகப் போதும். மிளகாய் விழுதையும் இஞ்சி பூண்டையும் முந்தைய இரவே அரைத்து வைத்துவிடலாம். வெங்காயம் நறுக்குவது வீட்டு ஆண்களின் வேலை. பெருநாள் இரவில் கடைத்தெருவில் சுற்றும் நேரத்தில் பாதி போதும். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்த் தொக்கும் வெங்காயப் பச்சடியும் இருந்தால் வேறெதுவும் கேட்காது. இனிப்புக்குச் சேமியாவைப் பாலில் காய்ச்சிப் பேரீச்சம்பழம் சேர்த்தால் ஷீர் குருமா. கறி வாங்க வசதியில்லாத ஆண்டில் குஸ்காவும் விருந்துதான். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

பரிமாறும் முறையிலும் சுமை குறையும். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் பலர் சேர்ந்து ஒரே தட்டில் உண்ணும் ஸஹன் வழக்கம் இன்னும் இருக்கிறது. கழுவ வேண்டிய பாத்திரம் குறைவு. இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியைக் கண்ணாலேயே காணலாம். நம் பக்கத்தில் சிலருக்கு அது கூச்சமாக இருக்கும். பிள்ளைகளை மட்டுமாவது அப்படி அமர்த்திப் பாருங்கள், தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்கள்.

அலங்காரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டித் துடைத்த தரை, துவைத்து விரித்த பாய், வாசலில் செருப்புக்கு இடம், ஒரு குடம் குளிர்ந்த தண்ணீர், சிறிது அத்தர். மறுநாள் குப்பையாகும் பலூனுக்குச் செலவிடும் காசில் இன்னொரு குடும்பத்துக்குச் சேமியாவும் சர்க்கரையும் வாங்கிவிடலாம்.

வீட்டை விட முக்கியமானது அழைப்பு. செல்வந்தரை அழைத்து ஏழையை விட்டுவிடும் விருந்தே உணவுகளில் கெட்டது என்று எச்சரிக்கப்பட்டுள்ளோம். ஜவ்வாது மலையிலிருந்து புளியும் தேனும் சாமையும் கொண்டு இறங்கி வருவோரிடம் ஆண்டெல்லாம் பேரம் பேசுகிறோம். பெருநாளன்று அவர்களில் ஒருவர்கூட நம் பாயில் அமர்ந்ததில்லை. அண்டை வீட்டுச் சகோதரர் கறி உண்ணாதவராயின், தனிப் பாத்திரத்தில் அவருக்கென முதலிலேயே சமைத்து எடுத்து வைப்பது பெரிய வேலையா என்ன?

அந்தச் சிறுவனிடம், வரும் ஹஜ்ஜுப் பெருநாளன்று அஸருக்குப் பின் நாமும் இல்லத்தாரும் அவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். தேநீர் மட்டும் போதும் என்று அவன் தாயாருக்குச் சொல்லி அனுப்பினோம். "பாய் இருக்கு, அதுல உக்காருவீங்களா ஹஜ்ரத்?" என்று மறுநாள் வந்து கேட்டான்.