ரீட் விற்பனைக்கு 'நோ' சொன்ன சிறு முதலீட்டாளர்கள்: சபானா சொல்லும் பாடம்

பலருடைய பணத்தைச் சேர்த்துக் கட்டடங்களை வாங்கி, வாடகையை யூனிட்தாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் ரீட். சரி, அந்த ரீட்டையே இன்னொருவர் விலைக்குக் கேட்டால்?

2020-ல் சிங்கப்பூரில் அதுதான் நடந்தது. தொழிற்கூடங்கள், கிடங்குகளை வைத்திருக்கும் சபானா ரீட்டை வாங்க ஈ.எஸ்.ஆர்-ரீட் முன்வந்தது. பணமாக இல்லை, ஒரு சபானா யூனிட்டுக்கு 0.94 ஈ.எஸ்.ஆர்-ரீட் யூனிட்.

இதுல என்ன பிரச்னை?

அந்த விலை சபானாவின் நிகர சொத்து மதிப்பைவிடக் குறைவு. அதோட, இரண்டு ரீட்களின் நிர்வாக நிறுவனங்களுக்குப் பின்னாலும் இருந்தது ஒரே ஈ.எஸ்.ஆர் குழுமம். வாங்குபவரும் விற்பவரும் ஒரே வீட்டுக்காரர் என்றால், நமக்காக யார் பேரம் பேசுவது?

குவார்ஸ், பிளாக் கிரேன் என்ற இரு முதலீட்டு நிறுவனங்கள் எதிர்ப்பைத் திரட்டின. டிசம்பர் 4 வாக்கெடுப்பில் பெரும்பான்மை ஆதரவு இருந்தும், தேவையான 75% கிடைக்கவில்லை. இணைப்பு கைவிடப்பட்டது. 2023 ஆகஸ்டில் யூனிட்தாரர்கள் ஒருபடி மேலே போய், நிர்வாக நிறுவனத்தையே நீக்க வாக்களித்தார்கள்.

ஜெயிச்சாச்சா?

முழுசா இல்லை. புது நிர்வாகத்துக்கு மாறும் வேலை சட்டச் சிக்கல்களோடு இழுத்தது. எதிர்ப்புக்கும் செலவு உண்டு.

ஆனாலும், 'பிடிக்கலைன்னா வித்துட்டுப் போ' என்ற வழக்கமான அறிவுரையை ஏற்க முடியாது. அடிமாட்டு விலைக்குச் சம்மதிக்காமல் இருப்பதும் முதலீட்டாளரின் உரிமைதான். அந்த 75% விதி இருப்பதே சிறியவர்களின் குரலுக்காக. வாக்களிக்கச் சொல்லி மெயில் வந்தால், படிக்காமல் டெலீட் பண்ணாதீங்க.