பழி யாருடையது?

புல்லறுத்துப் பிழைத்த தலித் குடும்பத்தில் பிறந்து, காக்காரிசி என்னும் நாட்டுப்புற நாடகத்தில் தேர்ச்சி பெற்று, மலையாளத்தின் முதல் திரைப்படமாகிய ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப்படத்தில் கதாநாயகியாக நடித்த பி. கே. ரோஸியை, நாயர் குலப் பெண்ணின் வேஷத்தில் திரையில் கண்டு பொறாத சாதி அபிமானிகள், திருவனந்தபுரம் கேபிட்டல் அரங்கில் கல்லெறிந்து திரையைக் கிழித்ததோடு நில்லாமல், அவருடைய குடிசைக்கும் தீ வைத்தார்கள். தப்பித்து லாரியேறிய ரோஸி, அந்த லாரியின் ஓட்டுநரையே மணந்துகொண்டு, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து, நடிகையாயிருந்த கதையைத் தம் நெஞ்சிலேயே புதைத்துவிட்டார் என்பது குன்னுக்குழி மணி போன்ற ஆராய்ச்சியாளர்களின் பிரயாசையால் நாம் அறிந்த சரித்திரம். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. சொத்தை விற்று அதை எடுத்த ஜே. சி. டேனியலும் பல் வைத்தியம் செய்து வாழ்ந்து, உரிய மரியாதை கிட்டாமலே 1975-ல் காலமானார்.

ரோஸியே மறைத்துக்கொண்டதை நாம் ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். குற்றம் செய்தவர் மறைப்பது வேறு, குற்றத்துக்கு ஆளானவர் பிள்ளைகளின் க்ஷேமத்துக்காக வாய்மூடி இருப்பது வேறு. ரோஸியின் மௌனம் இரண்டாவது வகை. ஆகையால் அந்தப் பழைய கணக்கைத் தீர்க்கும் கடமை அவருடையதன்று, சமூகத்தினுடையது. 2013-ல் கமல் இயக்கிய ‘செல்லுலாய்ட்’ என்ற மலையாளப் படம் அவரை ஞாபகப்படுத்தியது. 2023 பிப்ரவரி 10-ல் கூகுள் நிறுவனமும் தன் முகப்பில் அவரைச் சித்திரித்தது. அவர் அடைக்கலம் புகுந்த மண்ணுக்குரிய நாமோ, அது கேரளத்தின் விவகாரம் என்று இருந்துவிட்டோம்.

இதை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளை முன்னிட்டே எழுதுகிறேன். உலகத்து ஜனங்கள் படம்பிடிக்கும் கைபேசிகளை அந்த வட்டாரத்துச் சுங்குவார்சத்திரத்தில் உருவாக்குகிறவர்கள், பல மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து புறப்பட்டு வந்த இளம்பெண்கள். கழுத்தில் அடையாள அட்டையுடன் நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் திரும்புகிற பெண்ணைப் பற்றி அவள் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது இன்னும் நின்றபாடில்லை. சம்பளப் பணத்தை ஏற்றுக்கொண்டு, சம்பாதிக்கிறவளின் நடத்தையை மட்டும் சந்தேகிக்கும் அந்தப் புத்தி, ரோஸியின் மேல் கல்லெறிந்த புத்திக்குத் தூரத்து உறவன்று, உடன்பிறப்பே.

அதே வட்டாரத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு 2024 ஆகஸ்டில் அரசு திறந்துவைத்த குடியிருப்பு மெச்சத்தக்க காரியம். கூரை அளித்த அரசு கௌரவத்தையும் அளிக்கட்டும். அங்கே ஒரு நூலகத்துக்கோ மண்டபத்துக்கோ பி. கே. ரோஸியின் பெயரைச் சூட்டி, அவர் வாழ்க்கையை வாசலில் கல்வெட்டாகப் பொறிக்க வேண்டும். உழைக்க வந்த பெண்ணின் மேல் பழி ஏதுமில்லை, கல்லெறிந்தவர்கள் மேலேயே பழி என்பதை அந்தக் கல்வெட்டு ஐயத்துக்கிடமின்றிச் சொல்ல வேண்டும்.