டொலர் ஏன் நமது நாட்டுக்கு வருவதில்லை?



வரியைக் குறைத்தால் வெளிநாட்டுக் கொம்பனிகள் ஓடி வரும் என்று ஆசிரியர் ஓய்வறையிலும் சொல்கிறார்கள், தேநீர்க் கடையிலும் சொல்கிறார்கள். வரிச் சலுகை ஒன்றும் புதிய விசயமில்லை. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய நாளிலிருந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கார்மெண்ட்ஸ் வந்தது, உண்மைதான். அதற்கு அடுத்த படிக்கு நாம் ஏன் போகவில்லை?

மோட்டரோலா, ஹரிஸ் என்ற இரண்டு அமெரிக்க கொம்பனிகள் கட்டுநாயக்கவில் மின்னணுத் தொழிற்சாலை போட வந்தன. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. இரண்டும் போய்விட்டன. அதே காலத்தில் மலேசியாவின் பினாங்கு, 1972இல் வந்த இன்டெலைப் பிடித்துக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாகத் தொழிற்சாலைகளைச் சேர்த்தது. இன்று நமது பிள்ளைகள் மலேசியாவுக்கு வேலை தேடிப் போகிறார்கள்.

1983இல் எரிந்தது தமிழ்ச் சகோதரர்களின் கடைகள். 2014இல் அளுத்கம, 2018இல் திகன, இரண்டிலும் நமது கடைகள். 2019 ஏப்ரலில் நமது பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் செய்த மாபாதகத்தில் தேவாலயங்களும் ஹோட்டல்களும் இரத்தமாயின. அடுத்த மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம் ஒருவரின் பாஸ்தா தொழிற்சாலையைக் கொளுத்தினார்கள். அந்த ஊர் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். முதலீடு செய்ய வருபவன் இறங்குகின்ற இடம் அது. உள்ளூர்க்காரனின் தொழிற்சாலைக்கே பாதுகாப்பில்லாத நாட்டில் அவன் எதை நம்பிப் பணத்தைப் போடுவான்? பத்து வருட வரி விடுமுறை, எரிந்த கட்டிடத்தைத் திருப்பித் தராது.

இரண்டாவது விசயம், விதி மாறிக்கொண்டே இருப்பது. மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டி விலைமனு இல்லாமல் அதானிக்குக் கொடுத்தார்கள். மன்னார் மக்கள் எதிர்த்தார்கள், பறவைகளுக்காகவும் குரல் எழுந்தது, வழக்குப் போட்டார்கள். அரசாங்கம் மாறியதும் மின்சாரத்தின் விலையைத் திரும்பப் பேசப் போனார்கள். 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. விலையைக் குறைக்கக் கேட்டது பிழை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே பகிரங்கமாக விலைமனு கோரி, அந்த ஊர் மக்களிடமும் பேசியிருந்தால் இந்த இழுபறி வந்திருக்காது. ஒளித்துக் கொடுத்ததைப் பிறகு காப்பாற்றுவது யாருக்கும் கஷ்டம்தான்.

சரி, அரசாங்கத்தை ஏசுவது சுலபம். நமது பக்கத்தையும் பார்ப்போம்.

நமது ஊர்ப் பிள்ளை ஒருவர் கட்டாரில் இருந்து, ஓமான் நாட்டுக் கூட்டாளி ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அரிசி மா, இடியப்ப மா பொதி செய்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைதான் நோக்கம். காணியைக் குத்தகைக்கு எடுக்க உறுதி கேட்டார்கள். உறுதி மூத்தாப்பாவின் பெயரில் இருக்கிறது. பிள்ளைகள் வாய்ப்பேச்சில் பிரித்து வேலி போட்டிருக்கிறார்கள். ஒரு தங்கை கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், அவருடைய பங்கை ஒழுங்காகக் கொடுக்கவில்லையாம். அவர் சொல்வதும் நியாயம்தான். வாரிசுரிமையை இவ்வளவு தெளிவாகச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு மூன்று தலைமுறைக்கு உறுதி பிரிக்காமல் இருக்கிறோம். பிறகு அலுவலகங்களுக்கு அலைச்சல், ஒவ்வொரு மேசையிலும் 'நாளைக்கு வாங்க'. எட்டு மாதம் பார்த்துவிட்டு இருவரும் திரும்பிப் போய்விட்டார்கள். அவர் திரும்பவும் அங்கே சம்பளத்துக்கு நிற்கிறார்.

2023இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பியது கிட்டத்தட்ட 600 கோடி டொலர். வெளியார் நேரடியாக முதலிட்டது 100 கோடியைக்கூடத் தொடவில்லை. பணம் இங்கே வராததால் நாம் மனிசரை அங்கே அனுப்புகிறோம். வகுப்பில் வாப்பாவை வீடியோ கோலில் மட்டும் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆசிரியர்களான எங்களுக்குத் தெரியும். உம்மா போன வீடுகளின் கதை அதைவிடக் கனம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். நோன்பு காலத்தில் எத்தனையோ பயான் வைக்கிறோம். ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு நொத்தாரிசு ஒருவரையும் காணி அதிகாரி ஒருவரையும் கூப்பிட்டு, உறுதி பிரிப்பது எப்படி, அனுமதிப்பத்திரக் காணியில் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்று மக்களுக்கு விளக்கினால் என்ன? கதிரை போடுவது முதல் படிவம் நிரப்புவது வரை நாம் வந்து நிற்கிறோம். உங்கள் மஹல்லாவில் எத்தனை காணி இப்படிக் கிடக்கிறது என்று கீழே எழுதுங்கள்.