ஒரு விநாடியின் சாட்சி

வீடியோ இருக்கும்போது புகைப்படம் எதற்கு என்று கேட்பவர்கள் பெருகி வருகிறார்கள். இது வெறும் வாதமாக நின்றுவிடவில்லை. 2013-ல் அமெரிக்காவின் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளேடு தனது முழு நேரப் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. வாசகர்கள் வீடியோவை விரும்புகிறார்களாம். படங்களை நிருபர்களே கைபேசியில் எடுத்துக்கொள்ளலாமாம்!

வீடியோவின் தரம் உயர்ந்துள்ளது உண்மையே. '8கே' வீடியோவின் ஒவ்வொரு பிரேமிலும் சுமார் 3.3 கோடி புள்ளிகள் உள்ளன. ஒன்றை வெட்டியெடுத்துத் தாராளமாக அச்சிடலாம். ஆனால் அசைவு இயல்பாகத் தெரிவதற்காக வீடியோவில் ஒரு பிரேம் வழக்கமாக விநாடியில் சுமார் 50-ல் ஒரு பங்கு நேரம் ஒளியை வாங்குகிறது. ஓடுகிறவரின் கால் அதில் மங்கலாகவே விழும். புகைப்படக்காரருக்கு 1000-ல் ஒரு பங்கும் சாதாரணம்.

1968 பிப்ரவரி 1-ந் தேதி சைகோன் வீதியில் கைதி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதை எடி ஆடம்ஸ் புகைப்படம் எடுத்தார். அருகிலேயே என்.பி.சி. தொலைக்காட்சியின் காமிராவும் ஓடிக்கொண்டிருந்தது. சம்பவம் ஒன்றே. ஆனால் இன்றும் உலகின் கண்முன் நிற்பது அந்தப் புகைப்படந்தான். 1969-ல் புலிட்சர் பரிசும் பெற்றது.

அதற்கு முன் என்ன நடந்தது என்பதைப் படம் சொல்லவில்லை என்ற குறை நியாயமானது. புகைப்படங்கள் பாதி உண்மைகளே என்று ஆடம்ஸே 1998-ல் எழுதினார். மீதிப் பாதியை எழுத வேண்டியவர் படத்தின் கீழே குறிப்பு எழுதும் உதவி ஆசிரியர். அதற்காகப் புகைப்படக்காரரை வேலையிலிருந்து நீக்குவது எவ்வகையிலும் பொருந்தாது.