பூட்டிய கதவிலே விளம்பரமா?

நூறு டாலர் கைப்பேசி ஐம்பது டாலருக்கு! பாதி விலை! 2016-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டிலே, அமேசான் நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்கு விடுத்த அழைப்பு இது. 'புளூ ஆர்1 எச்டி' என்ற கைப்பேசி 100 டாலரிலிருந்து 50 டாலருக்கு இறங்கிற்று. 200 டாலர் 'மோட்டோ ஜி', 150 டாலராயிற்று. ஆகா, என்னே வள்ளன்மை என்று வியந்துவிட வேண்டாம், தோழர்களே! வணிகன் ஒரு கையால் வாரி வழங்கும்போது, மறு கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

மறு கை போன இடம், கைப்பேசியின் பூட்டுத்திரை! மணி பார்க்க எடுத்தால் விளம்பரம். அழைப்பு வந்ததா என்று பார்க்க எடுத்தால் விளம்பரம். பூட்டைத் திறக்கும் முன்பே வாசற்படியில் வியாபாரி வந்து நிற்பான். ஐம்பது டாலர், அந்த வாசற்படிக்கு அவன் கொடுத்த வாடகை!

2018 பிப்ரவரியில் அந்த விளம்பரங்களை அமேசானே நீக்கிற்று. கைப்பேசியின் விலையில் 20 டாலரை ஏற்றிற்று. விரல்ரேகையாலும் முகத்தாலும் பூட்டைத் திறக்கும் வசதிக்கு விளம்பரம் இடைஞ்சல் என்பது காட்டப்பட்ட காரணம். போகட்டும். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே வாடகை இன்னதென்று எழுதி வைத்தார்கள். விளம்பரத்தோடு இந்த விலை, விளம்பரமின்றி இந்த விலை! ஏற்றவர் வாங்கினார், ஏற்காதவர் கூடுதலாகக் கொடுத்தார்.

இங்கே?

இன்மோபி குழுமத்தின் 'கிளான்ஸ்' எனும் பூட்டுத்திரைச் செயலி, சியோமி, சாம்சங், விவோ, ரியல்மி முதலிய கம்பெனிகளின் கைப்பேசிகள் பலவற்றில், வாங்கும்போதே உள்ளே குடியேறி வந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தில் ஜியோ 20 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. பயனற்ற இடத்தில் எவரேனும் இருபது கோடி டாலரைக் கொட்டுவாரா? அந்தத் திரைக்கு அத்தனை மதிப்பு! ஆனால், அந்தத் திரைக்குச் சொந்தக்காரருக்குக் கொடுத்த பில்லிலே, "விளம்பரத்துக்காக இத்தனை ரூபாய் தள்ளுபடி" என்று ஒரு வரி உண்டா? நாம் கேட்கிறோம், உண்டா?

விலை குறைந்ததை வாங்காதே என்று நாம் சொல்லமாட்டோம். பசித்தவனிடம் அறுசுவை பேசும் வழக்கம் நமக்கில்லை. கூலி வருவது கைப்பேசி வழியே. பிள்ளையின் பாடம் வருவதும் அதன் வழியே. அது பாட்டாளியின் கைக்கருவி, ஆடம்பரம் அன்று. நம் கேள்வியெல்லாம், மாளிகையின் கதவு பளிங்காய்ப் பளபளக்க, குடிசையின் கதவிலே மட்டும் ஏன் கடைத்தட்டி தொங்க வேண்டும் என்பதுதான்.

தேர்தல் நேரத்தில் சுவரெழுதப் போகும் நம் தோழர் என்ன செய்கிறார்? "அண்ணே, எழுதிக்கொள்ளலாமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்கிறார். வேண்டாமென்றால் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறார். மண் சுவருக்கு உள்ள மரியாதை, மனிதனின் கண்ணுக்கு இல்லையா?

"உங்கள் ஏட்டிலும் விளம்பரம் உண்டே!" என்பர் சிலர். உண்டு. அதனால்தான் ஏடு இந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் நீங்கள் ஏட்டைப் படிக்கிறீர்கள். ஏடு உங்களைப் படிப்பதில்லை! எந்தப் பக்கத்தில் எத்தனை நொடி நின்றீர்கள், எந்தத் தெருவில் இருந்து படித்தீர்கள் என்று அது குறிப்பெடுப்பதில்லை. விளம்பரத் தொழிலில் குறிப்பெடுப்போர் உண்டு. கோடிக்கணக்கான மக்களின் இருப்பிடத்தை அவர்கள் ஒப்புதலின்றிக் கண்காணித்தது என்று, அதே இன்மோபி மீது 2016 ஜூனில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. ஒன்பதரை லட்சம் டாலர் கட்டி, அந்த நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமின்றி, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி வேண்டும் என்கிறது. அந்த 22-இல் நம் தமிழும் ஒன்று! புரியாத மொழியில், பொடி எழுத்தில் நீட்டி, "சம்மதம்" என்ற பொத்தானை அமுக்கச் சொல்வது ஒப்பந்தம் ஆகாது. அது கைநாட்டு வாங்கிய பழைய வட்டிக்கடைக்காரனின் வித்தை!

ஆகவே மூன்று கேட்கிறோம். விளம்பரம் உண்டு என்பதைப் பெட்டியின் மேலேயே தமிழில் எழுது. அதற்காக எத்தனை ரூபாய் குறைத்தாய் என்பதை எழுது. வேண்டாதவன் விலகும் வழியை எழுது.

அதுவரை நம் படிப்பகத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். மாலையில் வந்தமரும் உழைப்பாளியின் கைப்பேசியை அவர் கையிலேயே வைத்து, அமைப்புகளில் பூட்டுத்திரைப் பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். விளம்பரச் செயலியை அணைக்கும் வழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அணைப்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

பூட்டு அவருடையது. திறவுகோல் அவருடையது. கதவும் அவருடையதாகவே இருக்கட்டும்!